குறுக்கே கிடந்த படகு

போன வருஷம் தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. திருவொற்றியூரில் கடலை ஒட்டிய ஒரு மீனவர் குப்பத்துத் தெருவில் நடந்தது இது.

கடலோரமாகச் சைக்கிள் ஓட்டுவது என்றால் எல்லாரும் கிழக்குக் கடற்கரைச் சாலையைத்தான் சொல்கிறார்கள். ஹெல்மெட்டும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு விடியற்காலையில் அங்கே போகிறார்கள். போகட்டும். எங்கள் பக்கமும் அதே கடல்தான். ஆனால் இங்கே எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு முழுக்க, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். நின்றால் நாள் முழுக்க நிற்கும், கிளம்பினால் கண்மண் தெரியாமல் கிளம்பும். அந்த ரோட்டில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் யாரும் உடம்பு இளைக்க ஓட்டவில்லை. வேலைக்குப் போக ஓட்டுகிறார்கள்.

நானும் அப்படித்தான். விம்கோ நகர் தெருக்களில் சைக்கிளில் இடியாப்பம் விற்கிறேன். என் தம்பி மனைவிக்குக் காசிமேட்டுப் பக்கம் இறால் உரிக்கும் வேலை. அவளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்ததே நான்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மாதம் முன்னால், எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஒரு டிரெய்லர் லாரி அவளை ஓரம் கட்டி நெருக்கிக்கொண்டே போயிருக்கிறது. இவள் மணல் மேட்டில் விழுந்தாள். சைக்கிள் லாரியின் பின்சக்கரத்துக்குள் போனது. முழங்கை சிராய்ப்போடு பிழைத்துவிட்டாள். ஆனால் அப்பளமாகிக் கிடந்த சைக்கிளைத் தன் கண்ணால் பார்த்துவிட்டாள். அதோடு வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

மெட்ரோ வந்துவிட்டதே, அதில் போகலாமே என்று புத்தி சொல்ல ஆள் நிறைய. மெட்ரோ ஓடுவது நெடுஞ்சாலையில். இறால் கம்பெனி இருப்பது கடற்கரையில். நடுவில் தினமும் ஆட்டோவில் போக நாங்கள் என்ன கம்பெனி முதலாளியா? என் தம்பி முதுகெலும்பு அடிபட்டு வீட்டில் இருக்கிறான். அவள் கூலியில்தான் அடுப்பு எரிய வேண்டும். திங்கட்கிழமை வரவில்லையென்றால் வேறு ஆள் போட்டுக்கொள்வதாகச் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

லாரியே இல்லாத வழி ஒன்றைக் கண்டுபிடிக்கிறேன் என்று நான் கிளம்பினேன். வியாபாரம் முடிந்ததும் சந்து சந்தாக நுழைந்து பார்த்தேன். ரயில்வே சுவரை ஒட்டிக் கொஞ்சம், மார்க்கெட்டின் பின்பக்கம் கொஞ்சம், அப்புறம் ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் குப்பங்களின் உள்தெருக்கள். இப்படித் துண்டு துண்டாகச் சேர்த்து முக்கால்வாசி வழி பிடித்துவிட்டேன். ஒரே ஒரு தெருதான் பாக்கி. வடக்குப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். நல்ல சிமென்ட் ரோடு, ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் அலை தடுக்கக் கொட்டிய கருங்கற்கள். அந்தக் கடைசியில் வெளியே வந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை ஒத்திகைக்குக் கூட்டிப் போனேன். பக்கத்து வீட்டுச் சைக்கிளைக் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். முதலில் ஹேண்டில்பாரை உடும்பு மாதிரிப் பிடித்திருந்தாள். குப்பத்துத் தெருவுக்குள் வந்ததும் தோள் தளர்ந்தது. கடல் காற்று, கருவாட்டு வாசனை, பின்னால் ஒரு ஹாரன் கிடையாது. "யக்கா, இந்த வழி சூப்பரா கீது" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தெருக்கோடியில் ஒரு பழைய ஃபைபர் படகு குறுக்கே கிடந்தது.

சும்மா கிடக்கவில்லை. ஒரு முனை ஐஸ் வைக்கும் அறையின் சுவரில் முட்டிக்கொண்டு, இன்னொரு முனை கடற்கல்லில் இடித்துக்கொண்டு, நகராதபடி கல் முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். பூனை போகத்தான் இடம். படகுக்கு அந்தப் பக்கம் எக்ஸ்பிரஸ் ரோடு தெரிந்தது. அங்கே வழக்கம்போல லாரிகள் வரிசையாக நின்றன. அந்த இடத்தில் ரோட்டைக் கடந்துவிட்டால் காசிமேடு வரை மறுபடி சந்துதான். இந்தப் படகு மட்டும் கொஞ்சம் விலகினால் போதும்.

தம்பி மனைவி முகம் சுண்டிவிட்டது. "வோணாம்க்கா, திரும்பிப் போலாம்" என்று படகில் சாய்ந்து குந்திவிட்டாள். எனக்கு வந்ததே கோபம். சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு முட்டுக்கல்லைப் புரட்டித் தள்ளினேன்.

"இன்னாமே, படகு மேல கைய வெச்சிகினு இன்னா பண்ற?"

ரோட்டிலேயே நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். என் வயதுதான் இருக்கும், என்னைவிட இரண்டு மடங்கு உடம்பு.

"வழி பண்றேன். இது இன்னா உங்கூட்டு வாசலா? கார்ப்பரேஷன் ரோடு."

"ஆமாமே, எங்கூட்டு வாசல்தான். கதவு எங்க கீது பாரு. கால நீட்டுனா ரோடு."

"ஒரு சைக்கிளு போற மாதிரி தள்ளி வெச்சா உன் சொத்து கரைஞ்சிடுமா?"

"இன்னிக்கி சைக்கிளு வரும். நாளிக்கி பைக்கு வரும். அப்பால ஆட்டோ. கடைசில லாரிக்காரன் வந்து என் நெத்திலி மேல ஏத்துவான். நீயா வந்து அள்ளுவ?"

"நான் பொழப்புக்கு வழி கேட்டுகினு கீறேன், நீ இன்னாடான்னா கத சொல்லிகினு கீற."

இரண்டு பேருக்கும் குரல் ஏறியது. கொஞ்சம் தள்ளி வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் தலையைக்கூடத் தூக்காமல், "யக்கா, ரெண்டு பேரும் கடல்ல குதிச்சி அங்க வெச்சிக்கங்க சண்டைய. ராத்திரி தொழிலுக்குப் போனவன்லாம் இப்பதான் தூங்குறான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு இன்னும் எரிந்தது. போலீசுக்குப் போவேன், கவுன்சிலரிடம் போவேன் என்று கத்தினேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. எக்ஸ்பிரஸ் ரோட்டிலிருந்து ஒரு சரக்கு வேன், லாரி வரிசைக்குப் பின்னால் நிற்கப் பொறுக்காமல், ஒரே வெட்டாக வெட்டி எங்கள் தெருவுக்குள் திரும்பியது. வந்த வேகத்தில் படகைக் கடைசி நேரத்தில்தான் பார்த்திருக்கிறான். பிரேக் கீச்சிட்டது. படகு டமாரென்று அதிர்ந்தது. நான் கல்லைத் தள்ளிய பக்கமாக ஒரு முழம் நகர்ந்து, அடுத்த கல்லில் இடித்து நின்றது.

படகில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தம்பி மனைவி குப்புற நெத்திலி மேல் போய் விழுந்தாள். அவளுக்குப் பின்னால், வீட்டு வாசல்களில் பல் தேய்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் வாயில் நுரையோடு அப்படியே நின்றார்கள். படகு இல்லையென்றால் அந்த வேன் எதில் மோதி நின்றிருக்கும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஓடிப்போய் அவளைத் தூக்கினேன். அடி ஒன்றும் இல்லை. பழையபடி நடுங்கப்போகிறாள், இனி சைக்கிளைத் தொடவே மாட்டாள், எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவளோ என் கையை உதறினாள். உள்ளங்கையெல்லாம் நெத்திலி ஒட்டியிருக்க, படகின் விளிம்பைப் பிடித்து எட்டி, வேன் டிரைவரைப் பார்த்து ஆரம்பித்தாள் பாருங்கள். அவன் அப்பன், பாட்டன், லைசென்ஸ் கொடுத்தவன், வேனைச் செய்தவன் ஒருத்தரையும் விடவில்லை. அந்த டிரெய்லர்காரனுக்குச் சேர வேண்டியதையும் சேர்த்து இவனுக்குக் கொடுத்தாள். எழுத முடியாத வார்த்தைகள். எனக்கே அதில் சிலது புதுசு.

டிரைவர் முகம் வெளுத்துவிட்டது. "மேப்ல ரோடு கீதுனு காட்டிச்சிக்கா" என்று போனைத் தூக்கிக் காட்டினான்.

"மேப்புக்கு புள்ள குட்டி கீதா நைனா?" என்றாள் நெத்திலிக்காரி. "ரிவர்ஸ் எட்றா."

வேன் பின்வாங்கிப் போனது. ஐஸ் அறைச் சுவருக்கும் படகுக்கும் நடுவில் இப்போது ஓர் இடைவெளி இருந்தது. சரியாகச் சைக்கிள் நுழையும் அளவு. நான் கேட்ட அதே வழி. ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆசை இல்லை என்று சொன்னால் பொய்.

வலை பின்னிக்கொண்டிருந்தவர் இன்னும் சிலரைக் கூப்பிட்டுக்கொண்டு படகைத் தள்ள வந்தார். நானும் போய்த் தோள் கொடுத்தேன். சுவரில் முட்டும்வரை தள்ளினோம். நான் புரட்டிய கல்லை நானே திரும்ப உருட்டி வந்து முட்டுக்கொடுத்தேன். யாரும் என்னைக் குத்திக்காட்டவில்லை. நெத்திலிக்காரி மட்டும், "மெதுவா மே, இடுப்பு புட்டுக்கப்போது" என்றாள்.

திரும்பிப் பார்த்தால், தம்பி மனைவி சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். அதைப் படகின் மேல் சாய்த்தாள். நெத்திலிக்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த உடம்போடு படகின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினாள். இரண்டு கையாலும் சைக்கிளை வாங்கிக் கீழே வைத்தாள்.

"தெனம் வா. தூக்கிகினு வர்றதா இருந்தா வா. கையால தூக்க முடியாத எதுவும் இந்தப் பக்கம் வரக் கூடாது. நெத்திலி காயற எடத்துல எறங்கித் தள்ளு. பெல் அடிக்காத, தொழிலுக்குப் போனவன் தூங்குவான்."

"அவ்ளோதானே?" என்றாள் தம்பி மனைவி.

திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். இன்று வரை போகிறாள். சைக்கிளை வாங்கிக் கீழே வைக்க அந்தப் பக்கம் யாராவது ஒருத்தர் எப்போதும் இருக்கிறார்கள். எக்ஸ்பிரஸ் ரோட்டைக் கடக்கும்போது மட்டும் இன்னும் பல்லைக் கடித்துக்கொள்வதாகச் சொல்கிறாள். கடிக்கட்டும், பல் உறுதியாகத்தான் இருக்கிறது.

இந்தப் பொங்கலுக்கு அப்புறம், ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெல்மெட்காரர்கள் சிலர் எங்கள் பக்கமும் வர ஆரம்பித்திருக்கிறார்கள். கடலோரமாக லாரி இல்லாத வழி இருக்கிறதாமே என்று கேட்டார்கள். நான்தான் முன்னால் ஓட்டிக் கூட்டிப் போனேன். படகைப் பார்த்ததும் ஒருவர், இதைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் எல்லாருக்கும் வசதி என்று மரியாதையாகத்தான் சொன்னார். இறங்கித் தூக்குங்கள் சார், இல்லையென்றால் லாரியோடு போங்கள் என்றேன். தூக்கினார்கள். அவர்கள் சைக்கிள் என்னுடையதில் பாதி எடைகூட இல்லை.

இப்போதும் எந்தத் தெருவிலாவது ஒரு கல்லோ கட்டையோ குறுக்கே கிடந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. ஆனால் கையை வைப்பதற்கு முன்னால் இதை யார், எதற்கு வைத்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கிறேன், கேட்ட பிறகும் கோபம் இருந்தால் அப்புறம் கத்துகிறேன்.