பத்தொன்பது இஞ்சு பெஞ்சு

என் கடைசித் தம்பியை வீட்டிலும் தெருவிலும் நாடா என்றுதான் கூப்பிடுவார்கள். பேன்ட் தைப்பது அவன் தொழில். சாப்பிட உட்காரும்போதுகூட அளவு நாடா கழுத்தில் கிடக்கும். நாங்கள் ஆறு பேர் பிறந்தோம். மூத்தவள் நான், அவன் ஆறாவது. நடுவில் இருந்த நால்வரில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இரண்டு பேர் தூரத்தில் இருக்கிறார்கள். மாடியில் நான், கீழே தையல் கடையும் வீடுமாக அவனும் அவன் பெண்டாட்டியும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

பிள்ளை இல்லாத அந்த வீட்டில் ஒருவன் பதினோரு வருஷம் இருந்தான். தம்பி பெண்டாட்டியின் கூடப் பிறந்தவன். மெக்கானிக் படிப்புக்காகப் பதினெட்டு வயதில் அக்கா வீட்டுக்கு வந்தவன், படிப்பு முடிந்தும் போகவில்லை. பெயர் நெட்டை. நிலைப்படியில் தலை இடிக்காமல் ஒரு நாளும் அவன் உள்ளே வந்ததில்லை. என் தம்பி அவன் தோளுக்குக்கூட வரமாட்டான். இருவரும் சேர்ந்து நடந்தால், ஒட்டடைக் கோலும் முக்காலியும் போகுது பார் என்று தெருவே சிரிக்கும்.

சாயங்காலம் மெஷினுக்கு உறை போட்டதும் இரண்டு பேருக்கும் ஒரு வேலை உண்டு. எங்கள் அம்மாவின் தகரப் பெட்டிகள் இரண்டை இழுத்துப் போட்டு, மேலே ஒரு பழைய கதவுப் பலகையை வைப்பார்கள். ஓர் இரும்புக் குழாய், அதன் இரு முனையிலும் சிமெண்டு நிரப்பிய பெயிண்ட் டப்பா. ஒருவன் பலகையில் மல்லாந்து படுத்துத் தூக்குவான். மற்றவன் தலைமாட்டில் நின்று குழாய்க்கு அடியில் கையை வைத்துக்கொண்டு, எத்தனை தடவை என்று எண்ணுவான். கை சோர்ந்தால் நெஞ்சில் விழாமல் பிடிக்க ஆள் வேண்டுமே.

"மூச்ச விடுங்க மாமா. உங்களுக்கு ஒண்ணுன்னா எங்கக்கா என்னைத்தான் வறுத்தெடுக்கும்."

"நீ புடிக்கற லட்சணத்துக்கு நான் இன்னும் உசுரோட இருக்கறதே பெருசுடா."

மாடிவரைக்கும் கேட்கும் இந்தக் கூத்து.

பிறகு நெட்டைக்குக் கப்பலில் இஞ்சின் அறையில் வேலை கிடைத்தது. முதல் இரண்டு வருஷம் லீவுக்கு வந்தான். அப்புறம் ஐந்து வருஷமாகப் போன் மட்டும். எப்போது வருகிறாய் என்றால், "பாக்கலாம் மாமா" என்பான். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். என் தம்பி அந்தக் குழாயைத் தொடவே இல்லை. கதவுப் பலகையைக் கரையான் தின்றது.

இந்த வருஷம் ஒரு மத்தியானம் போன் வந்தது. "மாமா, அடுத்த மாசத்தோட முடியுது. கப்பல் போதும். ஒரேயடியா வந்துடறேன்."

போனை வைத்துவிட்டு நாடா என்ன செய்தான் தெரியுமா? ஒரு வாடிக்கையாளர் பேன்டின் இடது காலையே இரண்டு தடவை தைத்து, நுழைய வழியில்லாமல் மூடிவிட்டான்.

"இதை யாரு போட்டுக்கறது, ஒத்தக்கால் கொக்கா?" என்று கேட்டாள் அவன் பெண்டாட்டி. சிரித்தபடியே ஊசியை எடுத்துத் தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள். அவளுக்கும் தம்பி வருகிற சந்தோஷம்.

அந்த வாரம் என்னைக் கண் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும் வழியில், உடற்பயிற்சிச் சாமான் விற்கிற கடைமுன் நாடா நின்றுவிட்டான். உள்ளே சாயாத, மடங்காத தட்டைப் பெஞ்சுகள் வரிசையாக இருந்தன. கடைக்காரருக்கு மொட்டைத் தலை, ஆளைவிடப் பெரிய புஜம்.

"யாருக்கு சார்?"

"வீட்டுக்கு."

நாடா ஒவ்வொன்றாகப் பார்த்தான். மெத்தையைக் கட்டைவிரலால் அமுக்கி, விரல் அடிப்பலகையைத் தொடுகிறதா என்று பார்த்தான். உட்கார்ந்து இப்படியும் அப்படியும் ஆட்டினான். கடைசியில் ஒரு பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு ரெக்சின் தையலை ஆராய ஆரம்பித்தான்.

"யாரு தைச்சது இது? இஞ்சுக்கு நாலு தையல் போட்டிருக்கான். ஏறி இறங்கறதுக்குள்ள பிரிஞ்சிடும்."

"சார், இதுல படுத்துப் பளு தூக்கப் போறீங்க. கல்யாணத்துக்குப் போட்டுக்கிட்டா போகப் போறீங்க?" என்றார் கடைக்காரர். பிறகு இன்னொரு பெஞ்சைக் காட்டினார். "இதுல படுங்க. பதினாறு இஞ்சு உயரம்."

படுத்தான். இரண்டு பாதமும் தரையில் அப்பம் மாதிரி பதிந்தன.

"பாத்தீங்களா, உங்களுக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கு."

நாடா எழுந்தான். "இது வேண்டாம். அந்தப் பக்கம் இருக்கறத குடுங்க."

"அது பத்தொன்பது சார். உங்க காலு அந்தரத்துல தொங்கும். கால் பதியலேன்னா இடுப்பு ஆடும், இடுப்பு ஆடினா கை ஆடும். விரலுக்கேத்த வீக்கம் வேணும் சார்."

"குடுங்க. தையல் இதுல நல்லா இருக்கு."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கண்ணில் மருந்து விட்டிருக்கிற சாக்கில் வேறு பக்கம் பார்த்தேன்.

"சரி சார், உங்க இஷ்டம். பதினஞ்சு நாளைக்குள்ள மாத்திக்கலாம். மேல இருக்கற பிளாஸ்டிக்கை மட்டும் கிழிச்சிடாதீங்க."

வண்டியில் வரும்போது கேட்டேன். "ஏன்டா, எட்டாததை வாங்கறே?"

"நெட்டைக்குப் பதினாறுன்னா முட்டி மேல தூக்கிக்கும்க்கா. நான் ஒரு கட்டையைப் போட்டுக் காலை வெச்சுக்குவேன்."

"அவன் வரட்டுமே. அவனையே படுக்கவெச்சுப் பாத்து வாங்கலாமே."

"வந்து பாக்கறப்போ அவனுக்குன்னு ஒண்ணு இருந்தாத்தான்க்கா, தங்கணும்னு தோணும்."

எனக்கு எங்கள் பெரியப்பா நினைவு வந்தது. ஓடிப்போன மகனுக்கு வருஷா வருஷம் ஒரு ஜோடி செருப்பு வாங்கி வைப்பார், ஒவ்வொரு வருஷமும் ஓர் அளவு கூட்டி. அத்தைக்கும் அந்தக் குணம் உண்டு. கட்டிக்கொடுத்து அனுப்பிய மகளின் கட்டிலுக்கு ஒன்பது வருஷம் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் குடும்ப வியாதி இது. ஆளைக் கேட்காமல் ஆளின் அளவை வாங்கிவிடுவோம்.

பெஞ்சு வந்து ஒன்பதாம் நாள் நெட்டை தன் அக்காவுக்குப் போன் செய்தான். வெளிநாட்டிலேயே ஒரு துறைமுகத்தில், கப்பல் பழுது பார்க்கிற இடத்தில் வேலை தருகிறார்களாம், வீடும் தருகிறார்களாம். மாமாவிடம் பக்குவமாகச் சொல்லு என்றானாம். அவளுக்கு என்ன பக்குவம் தெரியும், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டாள். நாடா மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தான். துணி எப்போதோ தீர்ந்துபோய், ஊசி வெறும் தகட்டில் குத்திக்கொண்டிருந்தது.

 அதற்குப் பிறகு பெஞ்சைக் கடந்து போகும்போதெல்லாம் பிளாஸ்டிக்கின் மேல் தூசியைத் துடைத்துவிட்டுப் போவான்.

பதினாலாம் நாள் கீழே இறங்கிப் போனேன், ஒரு தலையணை உறை தைக்கவேண்டியிருந்தது. அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் தைரியம் வந்தவன்போல் நம்பரை அழுத்தினான். அந்தப் போனில் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும்.

"நெட்டை, ஒரு பெஞ்சு வாங்கியிருக்கேன்டா. பத்தொன்பது இஞ்சு."

"பத்தொன்பதா? உங்க காலு தொங்குமே மாமா."

"தொங்குது."

அந்தப் பக்கம் எங்கேயோ இரும்பைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"நாளைக்குள்ள மாத்திக்கலாமாம். மாத்தட்டுமா, வெச்சிருக்கட்டுமா? நீ சொல்லு. நீ சொல்றதத்தான் செய்வேன்."

"அக்கா இருக்கா?"

"உங்கக்கா குளிக்குது. பெரியக்காதான் பக்கத்துல."

 நாடா போனைக் காதோடு அழுத்திப் பிடித்த பிடியில் விரல் நுனியெல்லாம் வெளுத்துவிட்டது. வெச்சிருங்க மாமா என்று ஒரு பொய் சொல்லேன்டா, பாவி, என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

"மாத்திடுங்க மாமா."

"சரிடா."

"கோவமா?"

"கோவம் எதுக்கு? அஞ்சு வருஷமா பாக்கலாம் பாக்கலாம்னியே. இன்னிக்குத்தான்டா சரியான அளவு குடுத்திருக்கே."

மறுநாள் பெஞ்சு கடைக்குப் போய்ப் பதினாறு இஞ்சாகத் திரும்பி வந்தது. வந்ததும் பிளாஸ்டிக்கைக் கிழித்துப் போட்டான். கொல்லையிலிருந்து துருப்பிடித்த குழாயைக் கொண்டுவந்து துடைத்து வைத்துவிட்டு மல்லாந்து படுத்தான். கால் இரண்டும் கச்சிதமாகப் பதிந்திருந்தன. அப்படியே கிடந்தான். குழாயை எடுக்கவில்லை.

அடுப்படியிலிருந்து வந்த அவன் பெண்டாட்டி பெஞ்சைப் பார்த்தாள். உயரம் குறைந்திருப்பது அவளுக்குத் தெரியாமலா போகும்?

"அவன் சொன்னானா?"

"ம்."

ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு அவன் தலைமாட்டில் போய் நின்றாள்.

"எத்தனை?"

"அவன் பத்து எண்ணுவான்."

"நான் அவன் இல்ல. மூணுதான் எண்ணுவேன். தூக்குங்க."

தூக்கினான். படுத்திருப்பவனுக்குக் கண்ணீர் கன்னத்தில் இறங்காது, பக்கவாட்டில் ஓடிக் காதுக்குள் போகும். அவள் அதைப் பார்த்தாள். குழாய்க்கு அடியில் வைத்த கையை எடுக்காமல், மூன்று என்பதை மட்டும் கொஞ்சம் தாமதித்துச் சொன்னாள்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நெட்டையின் போன் வருகிறது. போன வாரம் கேட்டான், "மாமா, தலைமாட்டுல யாரு நிக்கறா?"

"உங்கக்காதான். புடி நல்லாத்தான் இருக்கு. வாய்தான் ஓயமாட்டேங்குது."

அங்கே அவன் சிரித்தான், இங்கே இவனும் சிரித்தான்.  சிரிப்பு அடங்கியபின்னும் இருவரும் போனை வைக்கவில்லை.