படகு ஏறாத கடல் பயிற்சி

சுனாமிக்கு அடுத்த கோடையில் நான் விருத்தாசலத்தில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தேன். கடலோரத்தில் இருந்த ஓர் ஆய்வு நிலையம், கடல் அறிவியல் பக்கமே வராத குடும்பங்களின் பிள்ளைகளுக்கென்று ஒரு மாதப் பயிற்சி அறிவித்தது. கடைசி வாரம் படகில் போய்க் கடலடிச் சேறு எடுக்க வேண்டும். நான் சேர நினைத்த முதுகலைப் படிப்பு அப்படியொரு களப்பயிற்சியைக் கேட்டது. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் படகு மட்டுமே.

முதல் வாரம் முழுவதும் கண்ணாடிப் புட்டிகள் கழுவினேன். இரண்டாம் வாரம், பயிற்சிப் பொறுப்பாளர் ஒரு வாளிச் சேற்றையும் சல்லடையையும் காட்டி, “சலிச்சு வைம்மா” என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போனார்.

சலிப்பது எனக்குத் தெரியும். அம்மா வேலை பார்த்த, பீங்கான் பொம்மை செய்யும் செராமிக் கம்பெனியில் விடுமுறை நாட்களில் களிமண் கரைசல் சலித்திருக்கிறேன். சல்லடைக்குக் கீழே இறங்குவதுதான் சரக்கு, அதை அச்சில் ஊற்றுவார்கள். மேலே தங்கும் கல்லும் துரும்பும் குப்பை. அதே முறையில் கட்டிகளை உள்ளங்கையால் தேய்த்துக் கரைத்தேன். மேலே நின்றதைச் சாக்கடையில் கொட்டினேன். அவர் திரும்பி வந்தபோது, குருணையே இல்லாத கரைசலை வாளி நிறைய வைத்துக்கொண்டு பெருமையோடு நின்றேன்.

“புழுவெல்லாம் எங்கம்மா?”

“எந்தப் புழு சார்?”

சேற்றில் வாழும் புழுக்களும் பொடிச் சிப்பிகளும் சல்லடையின் மேல் தங்கும். எண்ண வேண்டியது அவற்றைத்தான். இதைச் சொல்ல அவருக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். சொல்லவில்லை. பக்கத்திலிருந்தவரிடம், “உள்நாட்டு ஊர்ல இருந்து எடுத்தா இப்படித்தான் ஆகும்னு அப்பவே சொன்னேன்” என்றார். என் காதில் விழட்டும் என்றே சொன்னார்.

என் அறைத்தோழி மீனவ ஊர்ப் பெண். அன்று முழுவதும் சிரித்தாள்.

“ஏ பீங்கானு, புழுவ வுட்டுட்டு சேத்த எடுத்து வச்சிருக்கியே, பொம்ம பண்ணப் போறியா?”

“பண்றன்டி. மொத பொம்ம உன் மூஞ்சிதான்.”

மறுநாளிலிருந்து சரியாகச் சலித்தேன். அவளும் நானும் எண்ணிய புழுக்கள் பதிவேட்டில் ஏறின. மூன்றாம் வார முடிவில் படகில் செல்வோர் பட்டியலை ஒட்டினார்கள். எங்கள் இருவர் பெயரும் அதில் இல்லை. சென்னைக் கல்லூரி ஒன்றிலிருந்து விருந்தினராக வந்த மாணவர்கள் அந்த இடங்களில் இருந்தார்கள். பொறுப்பாளரின் அறைக்குப் போய்க் கேட்டேன்.

“உனக்குக் கடலே தெரியாது. மயங்கி வுழுந்தா யாரு பொறுப்பு?”

“அவளுக்குக் கடல் தெரியுமே சார்?”

“அப்புறம் அவளுக்கு எதுக்கும்மா படகு? பொறந்ததுலருந்து பாக்குற கடல்தானே.”

அந்தக் கடல்தான் சில மாதங்களுக்கு முன் அவளுடைய வீட்டை எடுத்துக்கொண்டு போயிருந்தது. அவருக்கு அது தெரியும். அவள் விண்ணப்பத்தை முதலில் தேர்ந்தெடுத்ததற்கே அதுதான் காரணம். கடலை அறியாததால் எனக்குப் படகு இல்லை, அறிந்ததால் அவளுக்கு இல்லை. அப்படியானால் எங்களை எதற்கு அழைத்தார்கள்? புட்டி கழுவ ஆள் தேவை என்றால் அப்படியே விளம்பரம் செய்திருக்கலாம்.

கடைசி நாள் ஒரு படிவம் தந்தார்கள். கையெழுத்துப் போட்டால் சான்றிதழ். ‘கடலில் படகு மூலம் களப்பயிற்சி பெற்றேன்’ என்று ஒரு வரி அச்சாகியிருந்தது. அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டுக் கையெழுத்திட்டேன்.

“அச்சடிச்ச ஃபாரத்துல கிறுக்குனா எப்படி? சர்டிபிகேட் தர முடியாது.”

“நான் படகுல ஏறலியே சார்.”

“யாரும்மா வந்து கேக்கப் போறாங்க?”

படிவத்தை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

தோழி எதையும் அடிக்காமல் கையெழுத்திட்டாள். பேருந்து நிறுத்தத்தில் சான்றிதழைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். “கோவிச்சுக்காதடி. எங்கம்மா இன்னும் தகரக் கொட்டாயிலதான் இருக்குது. எனக்கு இந்தக் காயிதம் வேணும்.”

அவள்மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. பொய்யில் கையெழுத்திட்டால்தான் உள்ளே வரலாம் என்ற நிலையில் அவளை நிறுத்தியவர்கள் மேல் இருக்கிறது.

அடுத்த ஆண்டு முதுகலைக்கு விண்ணப்பித்தேன். ‘களப்பயிற்சி பெறாதவர்’ என்ற குறிப்போடு விண்ணப்பம் திரும்பி வந்தது. அந்தக் குறிப்பில் ஒரு பிழையும் இல்லை.