பேருந்தில் எழுதுகிறவள்

கல்லூரியில் நான் தமிழ் நடத்துகிறேன், அவள் வணிகவியல். இருவரும் தேனியிலிருந்து ஒரே பேருந்தில் உத்தமபாளையம் போகிறவர்கள். வண்டி வீரபாண்டியைத் தாண்டியதும் அவள் கைப்பேசியை எடுப்பாள். சின்னமனூர் வருவதற்குள் ஒரு கவிதை எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்துவிடும். தினமும் அப்படித்தான். அடித்துத் திருத்துவதெல்லாம் கிடையாது. அனுப்பிவிட்டு ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிடுவாள்.

நானும் கவிதை எழுதுகிறவள்தான். ஒன்று முடிய எனக்கு மாதக்கணக்காகும். அவளுடையதைப் படிக்கும்போது முதலில் பிழை இருக்கிறதா என்றுதான் தேடுவேன். இருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

போன வருடம் ஜெயமங்கலத்தில் அம்மா இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வைக்கும் பிளெக்ஸில் போட நாலு வரி எழுதித் தரும்படி அண்ணன் கேட்டார். எழுதினேன், அழித்தேன். எந்த வரியிலும் அம்மா இல்லை. அச்சுக்குக் கொடுக்க வேண்டிய அன்று காலையில் அண்ணனே கூப்பிட்டார்.

"நீ சிரமப்பட வேணாம்த்தா. ஒங்கூட வேலை பாக்குற புள்ள எழுதுனத ஒங்க வீட்டுக்காரர் அனுப்பிவிட்டாக. அதையே போடச் சொல்லிட்டேன்."

துக்கத்துக்கு வந்துவிட்டுத் திரும்பிய அன்றே அவள் எழுதியதாம். குழுவில் போடாமல், எனக்கும் அனுப்பாமல், என் கணவருக்கு மட்டும் அனுப்பியிருக்கிறாள்.

*மாத்திரைக்கு அலாரம் அடிக்கிறது.*
*எழுந்து நிறுத்துங்கள் யாராவது,*
*சாப்பிட்டுவிட்டாள் என்று*
*பொய் சொல்லியாவது.*

அம்மாவின் கைப்பேசியில் அந்த அலாரத்தை வைத்துக் கொடுத்தது நான். அம்மாவைக் கிடத்தியிருந்தபோது அது அடித்தது. எழுந்து போய் நிறுத்தியதும் நான். கூட்டத்தில் உட்கார்ந்து அதை அவள் பார்த்திருக்கிறாள்.

காரியத்தன்று சித்தி பிளெக்ஸைப் படித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். எப்படி எழுத மனசு வந்தது என்று கேட்டார். நான் எழுதவில்லை என்றேன். அப்படியானால் யார் என்றார். பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றவளைக் காட்டினேன். சித்தி என்னை விட்டுவிட்டு அங்கே போனார். அம்மாவின் கூடப்பிறந்தவர் இன்னொருத்தி தோளில் சாய்ந்து அழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அம்மா போன துக்கத்தைவிட அந்த நேரத்தில் அதுதான் வலித்தது.

திரும்ப வேலைக்குப் போன அன்று, எழுத எவ்வளவு நேரம் ஆனது என்று பேருந்தில் அவளிடம் கேட்டேன்.

"ஜெயமங்கலத்துல பஸ் ஏறுனேன்க்கா. தேனி வாரதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

"அந்த அலாரத்த வச்சது நான்."

அவள் கைப்பேசியைத் திறந்தாள்.

"அப்ப அது ஒங்களோடதுக்கா. நான் அழிச்சிர்றேன். நீங்க எழுதுங்க."

அவள் விரல் அழிக்கும் இடத்துக்குப் போய்விட்டது. நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். தியாகம் செய்கிற முகமே இல்லை அவளுக்கு. நாளைக்கு இன்னொன்று வரும் என்று தெரிந்தவளின் முகம். அதைப் பார்த்ததும்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

அன்றே நானும் கைப்பேசியில் எழுத ஆரம்பித்தேன். திருத்தாமல் குழுவில் போட்டேன். வாழைத்தார் லாரியைப் பற்றி ஏதோ ஐந்து வரி, சுமார்தான். முதலில் இதயம் போட்டது அவள். இப்போது தினமும் எழுதுகிறேன். சிலது தேறுகிறது. அம்மாவைப் பற்றி மட்டும் இன்னும் ஒரு வரி வரவில்லை. அனுப்பியதும் அவளுடையதற்கு எத்தனை இதயம் விழுந்திருக்கிறது என்று பார்க்கிறேன். பக்கத்தில் அவள் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.