ரப்பர் உடுப்புக்குள் விமலாதேவி

விமலாதேவி அந்த ராட்சத உடுப்புக்குள் முதன்முதலாக இறங்கியது நடிப்பதற்காக அல்ல, ஸிப் தைப்பதற்காக.

புலம்பெயர்ந்து வந்த நாட்டில், ஸ்பிரிங்வேல் என்ற புறநகருக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்குப் பராமரிப்பு வேலை. ஐம்பத்தாறு வயது, உயரம் குறைந்த கட்டையான ஆள். வயதானவர்களைக் கட்டிலிலிருந்து கதிரைக்கும் கதிரையிலிருந்து கட்டிலுக்கும் மாற்றி மாற்றியே உரமேறிய தோள்கள். அதே இல்லத்தில் கிளென் என்றொருவர் இருந்தார். பாட்டு, படம், பிங்கோ என்று முதியவர்களின் பொழுதைப் போக்க வைப்பது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவருக்கு வேறொரு வாழ்க்கை. பழைய ஜப்பானிய ராட்சத மிருகப் படங்களில் பைத்தியமாக இருந்த ஏழெட்டுப் பேரோடு சேர்ந்து, டான்டினோங் பக்கம் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, அந்தப் பாணியிலேயே ஒரு குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

கணினி வித்தை எதுவும் இல்லாத காலத்துப் படங்கள் அவை. கடலடியில் கிடந்த மிருகம் அணுகுண்டுச் சோதனையில் விழித்துக்கொண்டு நகரத்துக்குள் நடந்து வரும். உண்மையில் நடந்து வருவது ரப்பர் உடுப்புக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதர். காலடியில் நொறுங்குவது முழங்கால் உயரத்துக்குச் செய்து வைத்த பொம்மை நகரம். வேகமாக ஓடுகிற கமெராவில் அதைப் பிடித்துத் திரையில் மெதுவாகக் காட்டினால், ஆளுக்கு மலையின் கனம் வந்துவிடும்.

கிளெனின் குழு செய்த உடுப்பின் முதுகு ஸிப் கிழிந்துபோயிற்று. வேலைத்தலத்தில் எல்லாருடைய காற்சட்டைக்கும் கரை மடித்துக் கொடுப்பவள் விமலாதேவி என்பதால் அவளிடம் கேட்டார். அவளும் தையல் பெட்டியோடு போனாள். உள்ளே ஒரு உடம்பு இல்லாமல் தையல் எங்கே இழுக்கும் என்று பார்க்க முடியாது. உடுப்புப் போட வேண்டிய இளைஞன் தோள்பட்டை பிசகி வீட்டில் கிடந்தான். ஆள் சின்னதாக இருந்தால் நகரத்தையும் சின்னதாகச் செய்யலாம் என்று குள்ளமான ஒருவனைத்தான் பிடித்திருந்தார்கள். கடைசியில், தன் உயரத்துக்குச் சரிவரும் என்று விமலாதேவியே காலை விட்டாள்.

உள்ளே பசையும் ரப்பரும் மணந்தன. மிருகத்தின் தலை அவள் தலைக்கு மேலே எங்கோ இருந்தது. கழுத்தில் இருந்த இரண்டு துளைகள்தான் அவளுக்குக் கண். தையல் பிடிக்கிறதா என்று பார்க்கக் கொட்டகையின் அந்தக் கரைவரை நடந்து திரும்பினாள். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தியது அவளுக்கு உடுப்புக்குள்ளேயே கேட்டது. ஏதோ உடைத்துவிட்டேன் போல என்று பயந்துவிட்டாள். அவர்களை நிறுத்தியது அவளுடைய கனமான நடை என்று பிறகுதான் தெரிந்தது.

அன்று மாலை குசினியில் வைத்துக் கணவரிடம் சொன்னாள். ஜெயரட்ணம் டாக்சி ஓட்டி ஓய்ந்தவர். பேப்பரைக் கூட இரண்டாம் தரம் வாசிக்காமல் நம்பமாட்டார்.

"படத்திலை நடிக்கக் கேட்டிருக்கினம்."

"உம்மையோ? என்ன பாத்திரம்?"

"மிருகம். நகரத்தை உடைக்கிற மிருகம்."

ஜெயரட்ணம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "விமலா, நாங்கள் வீடு உடைஞ்சு வந்த சனம். அங்கை உடைஞ்சது காணாதெண்டு இஞ்ச வந்து நீர் வீடு உடைச்சு விளையாடப் போறீரோ?"

அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தாள். போர்க்காலத்தில் சாவகச்சேரியில் அவர்கள் வீட்டுக் கூரையில் ஷெல் போட்ட ஓட்டை வழியாக மழை விழுந்த சத்தம் அவளுக்கும் மறக்கவில்லை. இதை நினைக்காமலா அவள் கொட்டகையிலிருந்து வந்தாள்? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே நினைப்புத்தான்.

"அது காட்போட், இஞ்சேருங்கோ. உடைச்ச பிறகு அவையளே திரும்ப ஒட்டுவினம்."

"சனம் கேட்டால் என்ன சொல்லுறது?"

"ஆருக்குத் தெரியப்போகுது? என்ரை முகம் தெரியாதே."

அவர் பேப்பரை எடுத்து விரித்தார். சம்மதம் என்று மட்டும் சொல்லவில்லை.

பொம்மை நகரமாக அவர்கள் செய்து வைத்திருந்தது ஸ்பிரிங்வேலைத்தான். ரயில் நிலையம், மார்க்கெட், மீன்கடை, வியட்நாமிய எழுத்தில் நகத்தளவு பெயர்ப்பலகைகள். முதல் நாள் விமலாதேவிக்கு ஒரு கடையிலும் கால் வைக்க மனம் வரவில்லை. இரண்டாவது கடைக்குப் பிறகு கொஞ்சம் வந்தது. ஒரு வரிசைக் கடைகள் சரிந்தபோது, உள்ளே யாருக்கும் தெரியாமல் சிரித்தும்விட்டாள். அதைக் கணவரிடம் சொல்லவில்லை.

நடையில் கனம் இருந்தாலும் கோபம் போதாது என்பதுதான் கிளெனின் பிரச்சினை. "இன்னும் கோபமாக, விமலா! இது நகரத்தை வெறுக்கிறது!" என்று கத்துவார். அவள் கைகளை வீசிப் பார்த்தாள். தனக்கே பொய்யாகப் பட்டது. இடைவேளையில் வெளியே வந்து, துவாயால் முகத்தைத் துடைத்தபடி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள்.

"கிளென், நம்முடைய மொரீனைப் பார்த்திருக்கிறாய்தானே?"

மொரீன் அவர்கள் இல்லத்தில் இருந்த பழைய பள்ளி பஸ் சாரதி. ஞாபக மறதி. பொழுது சாய்ந்தால் போதும், நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, ஒவ்வொரு கதவுப் பிடியாகத் திருகிப் பார்ப்பாள். வழியில் நிற்கும் தள்ளுவண்டி, பூச்சாடி எல்லாம் விழும். பிள்ளைகள் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிறார்கள், தான் போக வேண்டும் என்பாள்.

"மொரீனுக்கு யார்மேலும் கோபம் இல்லை. வழியைத் தேடுகிறாள். நாங்கள் குறுக்கே நிற்கிறோம், அவ்வளவுதான். இந்த மிருகமும் கடலுக்குத் திரும்பிப் போகத்தானே பார்க்கிறது?"

கிளென் தலையை ஆட்டினார். "எனக்குப் புரிகிறது. ஆனால் பார்க்க வருகிறவர்களுக்கு அழிவு வேண்டும், விமலா. எனக்கும் வேண்டும்." கடைசியில் இரண்டு விதமாகவும் எடுப்பது என்று முடிவாயிற்று. கோபமாக ஒரு தரம், மொரீன் மாதிரி ஒரு தரம்.

அடுத்த ஞாயிறு மழை. வேண்டாவெறுப்பாக ஜெயரட்ணமே காரில் கூட்டிக்கொண்டு வந்தார். இறக்கிவிட்டுப் போவதாகத்தான் வந்தது. ஆனால் மிருகத்தின் வாலைத் தூக்கும் ஆள் அன்று வரவில்லை. வாலை மீன் தூண்டிலுக்குப் போடும் தங்கூசி நூலில் கட்டி, நூலை ஒரு நீளத் தடியில் முடிந்து, பின்னால் ஒருவர் நின்று நடைக்கு ஏற்ப ஆட்ட வேண்டும். கிளென் தடியை ஜெயரட்ணத்திடம் நீட்டினார்.

"முப்பது வருசமாய் இந்த நாட்டிலை ஒருத்தனுக்கும் வால் பிடிக்காமல் இருந்தனான்," என்று முணுமுணுத்துக்கொண்டே ஜெயரட்ணம் அதை வாங்கிக்கொண்டார். உடுப்புக்குள் விமலாதேவி குலுங்கிச் சிரித்ததில் வாலும் சேர்ந்து ஆடியது.

அன்று எடுத்தது ரயில் நிலையக் காட்சி. புகை மெசினைத் திறந்துவிட்டு, தண்டவாளத்தில் பொறி பறக்கவிட்டார்கள். முதல் இரண்டு தடவையும் சரிவரவில்லை. மூன்றாவது தடவை புகை கழுத்துத் துளைகளால் உள்ளே வந்தது. விமலாதேவிக்கு நெஞ்சு அடைத்தது. ஏலாமல் போனால் வலது கையைத் தூக்க வேண்டும் என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். தூக்கினாள். புகைக்குள்ளிருந்து அந்தப் பெரிய நகங்கள் மெதுவாக எழும்பி வந்த காட்சி எல்லாரையும் மயக்கிவிட்டது.

"அருமை! அப்படியே பிடி!" என்று கத்தினார் கிளென்.

அவளுக்கு அது கிணற்றுக்கு மேலிருந்து யாரோ கூப்பிடுவதுபோல் கேட்டது. இன்னொரு தரம் கையைத் தூக்கப் பார்த்தாள். கை வரவில்லை.

பின்னால் நின்ற ஜெயரட்ணம் மிருகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வால் இடப்பக்கமாக இழுத்தது. களைத்தால் விமலாதேவி இடப்பக்கம் சரிவாள். கோயில் வரிசையில், ஆஸ்பத்திரி வரிசையில், விமான நிலையத்தில், எத்தனையோ தரம் அந்தத் தோளுக்குத் தோள் கொடுத்தவர் அவர்.

"நிப்பாட்டுங்கோ! ஸ்டொப்!" என்று கத்தித் தடியை எறிந்தார். சுற்றிப் போக நேரமில்லை. நேரே ஓடினார். மார்க்கெட் ஒரு காலில் போனது, மீன்கடை மறுகாலில். ஒருவருக்கும் விளங்குமுன் ஸிப்பை இழுத்துத் திறந்து, அவளை வெளியே எடுத்துத் தரையில் கிடத்தினார்.

கதவுகளைத் திறந்தார்கள், முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். கண் விழித்தபோது அவளுக்கு முதலில் தெரிந்தது ஜெயரட்ணத்தின் சப்பாத்தில் ஒட்டியிருந்த பெயர்ப்பலகைத் துண்டு.

"மார்க்கெட்டை உடைச்சுப் போட்டியளே," என்றாள்.

"விசர்க்கதை கதையாதையும். தண்ணியைக் குடியும்." பாதித் தண்ணீரை அவர் அவள் சட்டையில் ஊற்றிவிட்டார். கோப்பையை அவளே பிடிக்க வேண்டியிருந்தது.

கிளெனுக்கு முகம் வெளிறிப்போயிருந்தது. மறுநாள் அவர்கள் வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். படத்தை அத்தோடு விட்டுவிடலாம் என்றும் சொன்னார். ஜெயரட்ணம் அதுதான் நல்லது என்றார். விமலாதேவி இருவரையும் பேசவிட்டு, பிறகு சொன்னாள்: "இன்னும் கொஞ்சந்தானே இருக்கு. முடிப்பம். ஆனால் நிப்பாட்டச் சொல்லுறது இவர். இவர் சொன்னால் நிக்கவேணும்." ஜெயரட்ணம் வாய்க்குள் ஏதோ சொன்னார். அடுத்த ஞாயிறு அவளுக்கு முன்னே காரில் ஏறி இருந்ததும் அவர்தான். புகை மெசினைக் கொட்டகைக்குள் எடுக்கவே விடவில்லை.

மீதி எந்தப் பிரச்சினையும் இல்லாமல் முடிந்தது. படத்தை ஒரு சமூக மண்டபத்தில் போட்டார்கள். யாருக்கும் தெரியாது என்று விமலாதேவி நம்பிக்கொண்டு போனாள். போய்ப் பார்த்தால் கோயில் ஆட்கள் பாதி வரிசையை நிரப்பியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஃபோன் போட்டுச் சொன்னவர் ஜெயரட்ணம். அவளோடு வேலை செய்யும் சிவாஜினி ஓடிவந்து, "உண்மையாவே உள்ளுக்கை நீங்களோ அன்ரி?" என்று அவள் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

படத்தில் கிளென் உறுமல் சத்தம் நிறையச் சேர்த்திருந்தார். மொரீனை நினைத்து அவள் ஆசையோடு நடந்த நடையில் பெரும்பகுதி வெட்டப்பட்டிருந்தது. கைகளை வீசிக் கடைகளை நொறுக்கும் மிருகம்தான் எங்கும். அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. ஓரிடத்தில் மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். மிருகம் ரயில் நிலையத்துக்கு முன்னால் வந்து நின்று, இந்தப் பக்கம் பார்த்து, அந்தப் பக்கம் பார்த்து, ஒன்றும் செய்யாமல் வந்த வழியே திரும்பும். அதுவரை கைதட்டி ஆர்ப்பரித்துக்கொண்டிருந்த மண்டபம் அந்தச் சில கணங்கள் சும்மா இருந்தது. விமலாதேவி பக்கத்தில் இருந்த ஜெயரட்ணத்தைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் பெயர்கள் ஓடின. மிருகம் என்பதற்கு நேரே அவள் பெயர். வால் என்பதற்கு நேரே அவர் பெயர். கோயில் ஆட்கள் வாலுக்குத்தான் பலமாகக் கைதட்டினார்கள். நகரத்துக்கு நடுவே ஜெயரட்ணம் ஓடியதும் கமெராவில் விழுந்திருந்தது. அதைக் கடைசியில் சேர்க்கலாமா என்று கிளென் கெஞ்சிக் கேட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த வருடம் இரண்டாவது படம் தொடங்கப் போகிறார்கள். இம்முறை சிறகுள்ள மிருகம். விமலாதேவிக்கு முழங்கால் சத்திரசிகிச்சைக்குத் திகதி வந்துவிட்டது. இனி உடுப்புப் போட ஏலாது, வேண்டுமானால் சிறகு தைத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். பிறகு ஒரு பின்னேரம் கிளென் அழைத்தபோது அவள் குளித்துக்கொண்டிருந்தாள். ஃபோனை எடுத்தது ஜெயரட்ணம்.

"சிறகை எத்தினை பேர் பிடிக்க வேணும்?" என்று அவர் விசாரிப்பது குளியலறைக்குள் அவளுக்குக் கேட்டது.