அண்ணன் மாதிரி வாசிக்கிறவன்

பல் செய்து பிழைத்த மனிதருக்குக் "காது" என்று எப்படிப் பட்டப்பெயர் வந்தது என்று கேட்டால், கண்ணாடிக்கடை மாடிக்குத்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. கீழே கண் பரிசோதிக்கும் நாற்காலியும் வரிசை வரிசையாக மூக்குக்கண்ணாடிகளும் ஆளில்லாமல் கிடக்க, மேலே மரத்தளம் போட்ட அறையில் நாலு பேர் உட்கார்ந்து மத்தியானம் முழுக்க ஜாஸ் கேட்பார்கள். சும்மா கேட்பதில்லை. கடைக்காரர் இசைத்தட்டின் உறையைத் துண்டால் மூடிவிட்டுப் போடுவார். வாசிப்பது யார் என்று மற்றவர்கள் காதாலேயே கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு ஒரு சட்டமும் உண்டு. முதலில் குணம், பிறகுதான் பெயர். வாசிப்பு எப்படி இருக்கிறது என்று மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்லிவிட்டுத்தான் ஆள் யாரென்று சொல்ல வேண்டும். பெயர் தெரிந்துவிட்டால் எல்லோருக்கும் நாக்கில் மரியாதை வந்துவிடும், அந்தப் பாராட்டு செல்லாது என்பார் கடைக்காரர்.

இந்த விளையாட்டில் காது புலி. நாலு சுரம் காதில் விழுந்தால் போதும். "இது நம்ம மூக்கடைப்பு. பின்னாடி டிரம்ஸ் தூங்குமூஞ்சி" என்பார். வாசிக்கிற மகான்களுக்கு இவர்களே வைத்த பெயர்கள் அவை. துண்டை எடுத்துப் பார்த்தால் சொன்னது சொன்னபடி இருக்கும். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் தலையில் கை வைத்துக்கொள்வார். "நீங்க போன ஜென்மத்துல டிரம்பெட்டாவே பொறந்திருப்பீங்க சார்" என்பார் கணக்கு டீச்சர்.

இந்தப் புகழ் வீட்டில் செல்லுபடியாகவில்லை. "உலகத்துல இருக்கறவன் மூச்செல்லாம் தெரியுது. குக்கர் விசில் மட்டும் காதுல விழாது" என்பாள் மனைவி. அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

மற்ற ஆறு நாளும் அவருக்குப் பல் செட்டுப் பட்டறை. டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு வடித்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, உறுத்தாதபடி தேய்த்துக் கொடுக்க வேண்டும். முப்பது வருஷமாக அதே வேலை. பஸ்ஸில் பின் இருக்கையில் யாராவது பேசினால் திரும்பிப் பார்க்காமலே "மேல் செட்டு லூசு" என்று முணுமுணுப்பார். தொழில் மனிதனை விடுமா?

அவர் வாய் திறந்து பேசாத விஷயம் ஒன்று இருந்தது. அவருக்கு ஓர் அண்ணன் உண்டு.

அண்ணன் ஓட்டல் பேண்டில் டிரம்பெட் ஊதியவர். சின்ன வயதில் இருவருக்கும் ஒரே அறை. அக்கம்பக்கம் சண்டைக்கு வரக்கூடாதென்று வாத்தியத்தின் வாயில் துணியைத் திணித்துக்கொண்டு அண்ணன் பழகுவார். தம்பி அதைக் கேட்டபடியே தூங்கிப்போவான். சாப்பிடக் கூப்பிட்டால் கடைசியாக வருகிற ஆள் அண்ணன். பாட்டிலும் அப்படித்தான். கடைசிச் சுரத்தைப் பிந்தித்தான் போடுவார். வராமலே போய்விடுமோ என்று நெஞ்சு பதறும்போது அது வந்து நிற்கும். அந்த ஒரு சுரத்துக்காக உயிரையே கொடுக்கலாம் என்று தம்பிக்குத் தோன்றியிருக்கிறது.

பிறகு அண்ணன் கப்பல் பேண்டில் சேர்ந்து போனார். அம்மா படுக்கையில் விழுந்தபோது தகவல் அனுப்பியும் வரவில்லை. எல்லாம் முடிந்து பல நாள் கழித்துத் தொலைபேசியில் பேசினார். "இனிமே உன் சத்தமே என் காதுல விழக்கூடாது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார் தம்பி. கோபத்தில் சொன்ன சொல். அண்ணன் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டார்.

இனி வருகிறது அந்த ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குக் கீழே, கண் பரிசோதிக்கும் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பது காதுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியட்டும், அது அண்ணன்தான். தம்பி ஞாயிறுதோறும் இங்கே வருவதை ஊரில் விசாரித்துத் தெரிந்துகொண்டு, இரண்டு நாள் முன்பு கடைக்கு வந்து தான் யாரென்று சொல்லி, கடைக்காரரிடம் ஓர் இசைத்தட்டைக் கொடுத்திருந்தார்.

"வேணாம்னு சொன்னவன் வீட்டு வாசல்ல எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிக்கறது? நாலு பேரா சேர்ந்து வாசிச்சது இது. போட்டுக் காட்டுங்க. என்னைக் கண்டுபிடிச்சு, அண்ணன்னு ஒரு வார்த்தை சொன்னான்னா மேல வர்றேன். இல்லன்னா வந்தபடியே போயிடறேன்."

கடைக்காரருக்கு அதில் சந்தேகமே இல்லை. நம்ம காதுக்கா தெரியாது! துண்டை மூடிப் போட்டார்.

டிரம்பெட் தொடங்கியது. காது தலையைச் சாய்த்தார். முகம் சுளித்தது.

"யாருய்யா இது? காத்து ஒழுகுது."

"நல்லாக் கேளுங்க" என்றார் கடைக்காரர்.

"கேக்காமலா சொல்றேன்? முன்பல்லு ஒண்ணு கூட சொந்தம் இல்ல. மேல செட்டு போட்டிருக்கான், அதுவும் மட்டமான செட்டு. மேல் சுரத்துக்குப் போகும்போது ஆடுது பாருங்க. பல்லைப் பிடிக்கறதா, பாட்டைப் பிடிக்கறதான்னு தவிக்கிறான் பாவம்!"

டிரைவரும் டீச்சரும் சிரித்துவிட்டார்கள். பாட்டு முடிகிற இடம் வந்தது. கடைசிச் சுரம் பிந்தியது. தாளம் போட்டுக்கொண்டிருந்த காதின் கை அப்படியே நின்றது. ஒரு கணம் முகம் மாறியது. கடைக்காரர் ஊசியைத் தூக்கி மறுபடி ஆரம்பத்தில் வைக்கப் போனார்.

"இன்னொரு தடவை போடறேன்" என்றார் அவசரமாக.

ஒரு தட்டை ஒரு தடவைதான் போடலாம் என்பதும் சட்டம். மனுஷன் தாங்காமல் போட்டுவிட்டார். போடாமல் இருந்திருக்கலாம்.

"இப்ப புரிஞ்சுபோச்சு" என்றார் காது. குரல் ஏறியது. "எங்க அண்ணன் மாதிரி வாசிக்கப் பாக்குறான். எனக்கு ஒரு அண்ணன் இருக்கார், உங்ககிட்ட சொன்னதில்ல. கடைசிச் சுரத்தை இப்படித்தான் இழுத்துப் பிடிப்பார். இவன் எங்கேயோ கேட்டுட்டுக் காப்பி அடிக்கிறான். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கிட்ட கதை! அண்ணன்னா அண்ணன்தான். அவர் வாசிச்சா இப்படியா இருக்கும்? இவனுக்கெல்லாம் எதுக்கு டிரம்பெட்? கஞ்சி குடிச்சுட்டு வீட்டுல கிடக்கலாம்."

மரத்தளத்தில் இடுக்குகள் நிறைய. மேலே ஒரு நாணயம் விழுந்தாலும் கீழே கேட்கும். கடைக்கதவின் மணி ஒருமுறை அடித்து நின்றது.

கடைக்காரர் துண்டை எடுத்தார். உறையில் நாலு பேர் நிற்கும் படம். ஓரத்தில் டிரம்பெட்டோடு, கன்னம் ஒட்டிப்போய், அண்ணன். "கீழதான் உக்காந்திருக்கார்" என்றார் கடைக்காரர்.

காது செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினார். நாற்காலி காலி. கடைக்காரர் வைத்துவிட்டுப் போன டீ, ஆடை படிந்து அப்படியே இருந்தது.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள லாட்ஜில்தான் தங்கியிருக்கிறார் என்று கடைக்காரர் ஓடிவந்து சொன்னார். போனபோது அண்ணன் பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"தெரியலைண்ணா. சத்தியமா தெரியலை."

"உள்ள வாடா. வெறுங்காலோட நிக்கிறியே" என்றார் அண்ணன். ஒவ்வொரு சொல்லிலும் காற்று சீறியது. "நீ சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல. ஈறு நோவு வந்து பல்லெல்லாம் போச்சு. ஒரு துறைமுகத்துல அவசரத்துக்குக் கட்டிக்கிட்ட செட்டு இது. எத்தனையோ பேர் கேட்டாங்க, ஒருத்தனும் கண்டுபிடிக்கலை. என் தம்பி கண்டுபிடிச்சான்."

"பல்லைத்தானே கண்டுபிடிச்சேன். உன்னை விட்டுட்டேனே!"

அந்தப் பெரிய மனிதர் கட்டிலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அண்ணன் அவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அம்மாவுக்கு ஏன் வரவில்லை என்று தம்பி கேட்கவுமில்லை, அண்ணன் சொல்லவுமில்லை.

அன்றைக்கே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். மறுநாள் தெரிந்த டாக்டரிடம் கூட்டிப்போய் அளவெடுக்க வைத்து, செட்டைத் தானே செய்தார். வேறு வேலை எதையும் தொடவில்லை. அண்ணனுடைய முன்பற்கள் இரண்டும் சின்ன வயதில் லேசாக ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். படம் எதையும் பார்க்காமல் அதே மாதிரி நட்டார். இத்தனை வருஷத்தில் அவர் கையால் அப்படி ஒரு செட்டு வந்ததில்லை.

மாட்டிக்கொண்டு அண்ணன் கண்ணாடியில் பார்த்தார். ஆப்பிள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள் மனைவி. நறுக்கென்று கடித்தார். ஆடவில்லை, ஒழுகவில்லை. சீறலும் போய்விட்டது.

காது உள்ளே போய் அண்ணனுடைய டிரம்பெட் பெட்டியை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார்.

"ஒரே ஒரு தடவை ஊதிப் பாரேண்ணா."

அண்ணன் ஆப்பிளை மென்று முடித்தார். பெட்டியை மெல்லத் தம்பி பக்கம் நகர்த்தினார்.

"எதுக்குடா? சாப்பிட நல்லா இருக்கு, அது போதும். உங்க அண்ணன் மாதிரியெல்லாம் எனக்கு ஊத வராது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பல் வரிசை அழகாக இருந்தது.