மூன்று வாரமாக எனக்கே அனுப்பியது

வீட்டிலிருந்தே வேலை என்றான பிறகு, வெள்ளவத்தை பிளாட்டில் நான் வாய் திறந்து பேசுவது கீழே நிற்கும் காவலாளியிடம் மட்டும்தான். அதுவும் சிங்களத்தில் இரண்டு சொல். தமிழில் ஒரு வார்த்தை பேசாமலே சில நாட்கள் போயின.

அந்த நாட்களில்தான், யாரும் திருத்தக்கூடிய ஓர் இலவச வரைபடச் செயலியில் கை வைத்தேன். தமிழுக்கு மாற்றினால் ஊர்ப் பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டன. கிருலப்பனை என்ற பெயர் 'கிருல'வோடு நின்றது. நிரலைப் பிரதி எடுத்து, திருத்தி, அனுப்பினேன். பிறகு மூன்று வாரம், காலையில் தேநீர் போடுவதற்கு முன்பே பதில் வந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றுமில்லை. தமிழ் என்றால் இவர்களுக்கும் இளக்காரம்தான் என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். உண்மையில் எனக்கு நன்றி வேண்டியிருக்கவில்லை. யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால் போதும் என்றிருந்தது.

கடைசியில், முன்பு என்னோடு வேலை செய்த தோழிக்குப் போன் எடுத்துப் புலம்பினேன்.

"நிரலை அனுப்புறதுக்கு ரிமோட் முகவரி எத்தனை வச்சிருக்கிறாய்?" என்று கேட்டாள்.

"ஒண்டுதான். ஒரிஜின் எண்டு பேர்."

"அது உன்ர பிரதியடா. அவையின்ர மூலத்தின்ர முகவரியை அப்ஸ்ட்ரீம் எண்ட பேரில நீதான் சேர்க்கோணும். பிறகு, என்ர திருத்தத்தைப் பாருங்கோ எண்டு அவைக்கு ஒரு ரிக்குவெஸ்டும் போடோணும். போட்டனியா?"

போடவில்லை. என் திருத்தங்களை என் பெயரிலிருந்த பிரதிக்கே அனுப்பிவிட்டு, ஊர் உலகத்தோடு கோபித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மூலத்தின் முகவரியைச் சேர்த்து, அங்கே புதிதாக வந்தவற்றை இறக்கினேன். கரையோர ரயில் போய் ஜன்னல் அதிர்ந்து அடங்குவதற்குள் எல்லாம் வந்துவிட்டது. அதே பிழையை வேறு யாரோ ஏற்கெனவே திருத்தி வைத்திருந்தார். யாரென்று பார்க்க அந்தத் திட்டத்தின் பக்கத்துக்குப் போனேன். திருத்தியவர் முன்பின் அறியாத ஒருவர். திருத்தத்தின் கீழே ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்: எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, பெயர்கள் முழுதாகத் தெரிகின்றனவா, யாராவது பார்த்துச் சொல்வீர்களா? ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஒரு கிழமை கழித்து அவரே மறுபடி எழுதியிருந்தார்: தமிழ் தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா?

நான் இங்கேதான் இருந்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்த அத்தனை நாளும் இந்த மேசையில்தான் இருந்தேன்.

அவருடைய திருத்தத்தை என் போனில் ஏற்றி, கடற்கரை ஒழுங்கைகள் தொடங்கிக் களனி வரைக்கும் ஒவ்வொரு பெயராக வாய்விட்டு வாசித்தேன். வெறும் பிளாட்டில் என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பிறகு அவருக்கு எழுதினேன்: எல்லாம் முழுதாகத் தெரிகிறது. பிந்தியதற்கு மன்னியுங்கள். நான் இருக்கிறேன்.