அலுமாரிக்கு மேலிருந்த தட்டு

எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் மடைப்பள்ளியில் நைவேத்தியம் சமைப்பது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்குத் தெரிந்த தொழில் இதுதான். கோயில் வேலை என்பதால் வீட்டில் துடக்கு, தீட்டு எல்லாம் கடுமையாகப் பார்ப்போம். மாதவிடாய் வந்தால் மனைவி குசினிக்குள் வரமாட்டாள். பக்கத்து அறையில் இருந்து, தனக்கென்று வைத்த தட்டில் சாப்பிடுவாள். அந்த நாள்களில் வீட்டுச் சமையலும் என்னுடையது. இதை நாங்கள் வாய்விட்டுப் பேசியதில்லை. காலையில் அவள் அந்தத் தட்டை எடுத்தால் எனக்கு விளங்கிவிடும்.

போன வருடம் அது குழம்பியது. முதலில் ஒரே மாதத்தில் இரண்டு தரம் தட்டை எடுத்தாள். பிறகு எடுக்கவேயில்லை. பனங்காய் விழுகிற காலம் போய் மாரி மழையும் வந்துவிட்டது. தட்டு அலுமாரிக்கு மேலேயே கிடந்தது.

மறைக்கிறாளோ? துடக்கோடு அவள் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டுத்தான் நான் மடைப்பள்ளிக்குள் போகிறேனோ? கேட்க வெட்கம். கொடியில் காயும் துணிகளைப் பார்த்தேன். அவள் இல்லாத நேரம் தட்டில் விரலை வைத்துப் பார்த்தேன். தூசி. அப்படியும் மனம் ஆறவில்லை. 'இண்டைக்கு விரதம்' என்று சொல்லி வீட்டில் சாப்பிடுவதைக் குறைத்தேன்.

அவளோ உடம்பு வைத்திருந்தாள். இருந்த இடத்திலேயே தூங்கினாள். வெயிலிலும் குளிருகிறது என்று போர்த்திக்கொண்டாள். வீட்டுக்கு வந்த என் அக்கா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள்.

"தம்பி, உவ முழுகாமல் இருக்கிறாவோ? வெளியூரிலை வேலை செய்யிற உன்ரை மகளுக்கு மாப்பிளை பாக்கிற நேரத்திலை நல்ல வடிவாயிருக்கும்!"

கர்ப்பமோ? ஒரு சந்தேகம் இரண்டானது.

ஒருநாள் தட்டும் கையுமாக மனைவியிடம் அகப்பட்டேன்.

"என்ன தேடுறியள்?"

"சும்மா..."

"சும்மாவோ? நெடுக விரதம் எண்டேக்கையே நினைச்சனான். எனக்கு வரேல்லையப்பா. வராததை நான் கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டே வாறது?"

"ஆசுப்பத்திரிக்குப் போவமே?"

"ஓம், போவம். டொக்டர் சொன்னாலாவது நம்புவியள்."

அவள் சொன்னது சரி. எது உண்மை என்று அறியத்தான் நான் பஸ் ஏறினேன்.

டொக்டர் ஒரு பெண். நான் கதவடியில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "மாதவிடாய் குழம்பிறதுக்குக் கன காரணம் இருக்கு. வயசும் இருக்கலாம், கர்ப்பப்பையிலை கட்டியும் இருக்கலாம். சோதிச்சுத்தான் சொல்லலாம்" என்று சொல்லி, மனைவியின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். இரத்தம் எடுத்தார்கள், ஸ்கான் செய்தார்கள். அடுத்த முறை போனபோது தெரிந்தது: பிள்ளையும் இல்லை, கட்டியும் இல்லை. கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை. தூக்கம், குளிர், உடம்பு வைத்தது, மாதவிடாய் நின்றது எல்லாம் அதனால்தானாம்.

காலையில் வெறும் வயிற்றில் ஒரு குளிசை. அவள் விழுங்கும்வரை பக்கத்தில் நிற்பேன்.

"விழுங்கிப்போட்டன். வாயைத் திறந்து காட்டவோ?"

சில மாதம் போக, ஒருநாள் காலை தட்டு அவள் கையில் இருந்தது. நான் ஒன்றும் கேட்காமல் குசினிக்குள் போனேன். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் சமைத்துக் கொண்டுபோய்ப் போட்டேன். அவள் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எனக்கு இண்டைக்கு விரதம்" என்றாள்.

அவள் சிரிக்கவில்லை. நான் அறை வாசலில் குந்தினேன். சோறு ஆறியது.

"உப்புப் போட்டனீங்களோ?" என்றாள் கடைசியில்.

"ஓம்."

"உங்கடை சொல்லை நம்பேலாது" என்று ஒரு வாய் எடுத்து வைத்தாள்.